அக்கா சொன்ன ஆறு

திருப்பதி பஸ்ஸை விட்டு இறங்கி, செருப்பைச் சரியாக மாட்டிக்கொள்வதற்கு முன்பே வதினா கேட்டார்: "ஆறு எந்தப் பக்கம்?"

பையை வாங்கக் கை நீட்டிய நான் அப்படியே நின்றுவிட்டேன். பஸ் நிலையத்தில் வந்து இறங்குகிறவர்கள் கழிப்பறை எங்கே, காபி எங்கே, மலைக்கு ஆட்டோ எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். திருத்தணியில் கால் வைத்ததும் ஆற்றைக் கேட்ட ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வதினாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து அக்கா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். சின்ன வயதில் அப்பாவிடம் மாட்டிக்கொள்ளும்போது காட்டுவாளே, அதே கண்.

வதினா என்று நான் சொல்வது அக்காவின் நாத்தனாரை. எங்கள் வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ்; இந்தப் பக்கத்தில் பாதிக் குடும்பங்கள் அப்படித்தான். அக்காவை ராஜமுந்திரியில் கொடுத்தோம். கோதாவரிக் கரையிலேயே வீடு. மொட்டை மாடியில் ஏறினால் கண் போகிற வரைக்கும் தண்ணீர்தான். வதினா பாவாவுக்கு, அதாவது அக்காவின் புருஷனுக்கு, மூத்தவர். கல்யாணமான வேகத்திலேயே பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, அங்கேயே இருந்துவிட்டவர். வயது எழுபதைத் தொடுகிறது. விடியற்காலையில் கோதாவரியில் முங்கி எழாமல் காபி டம்ளரைக் கையால் தொடமாட்டார். இந்த வதினாவிடம் அக்கா முப்பது வருஷமாகப் படுகிற பாட்டைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போயிருந்தது. போனை எடுத்தாலே அதுதான். "இன்னிக்கும் ஆரம்பிச்சிட்டாங்கடி. உங்க ஊரு ஆறு எப்டி, உங்க ஊரு ஆறு எப்டின்னு நோண்டிகினே இருக்காங்க. வேணும்னே பண்றாங்க."

முட்டி வலி போனால் திருத்தணியில் முடி கொடுப்பதாக வதினாவுக்கு வேண்டுதல். வலி போய்விட்டது. அக்காவின் கல்யாணம் திருப்பதிச் சத்திரத்தில் நடந்ததால் அவர் எங்கள் ஊரைப் பார்த்ததே இல்லை. பாவா பார்த்திருக்கிறார். ஆனால் பாவா வாயைத் திறந்து ஒரு விஷயம் சொல்லி யாரும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்காவைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். தமிழில் பேசினால் வதினாவுக்குப் புரியாது.

"இன்னாடி சொல்லி வெச்சிருக்க அவங்களாண்ட?"

"ஆறு இருக்குதுன்னு சொன்னேன்."

"சரி, இருக்குது. அப்புறம்?"

"தண்ணி போவும்னு சொன்னேன்."

"அப்புறம்?"

அக்கா ரசத்துக்குக் கிள்ளி வைத்திருந்த கறிவேப்பிலையைப் பார்த்தபடி ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். ஆற்றில் நாற்பது படி இறங்குகிற படித்துறை இருக்கிறதாம். பரிசல் போகிறதாம். மொட்டை போட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் அந்தப் படித்துறையில் தலை முழுகிவிட்டுத்தான் மலை ஏறுவார்களாம். கரையில் ஒரு மாமரம், அதன் கிளை தண்ணீரைத் தொடுமாம்.

நந்தியாற்றை எனக்குத் தெரியாதா? நான் பிறந்ததிலிருந்து அதன் பக்கத்தில்தான் இருக்கிறேன். அது மணல். மணல் இல்லாத இடத்தில் சீமைக் கருவேலம். ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிக்கெட், மற்ற நாட்களில் ஆடு. குறுக்கே தரைப்பாலம் இருந்தும் லாரிக்காரர்கள் ஆற்றுக்குள்ளேயே இறங்கிப் போவார்கள், அந்த வழி கிட்டமாம்.

"பரிசல் எதுக்குடி?" என்றேன். "ஆட்டை ஏத்தினு போறதுக்கா?"

"சிரிக்காதடி. மாமரம் நெசந்தானே? அது மட்டும் நெசந்தானே?"

மாமரம் நிஜம். நாங்கள் இரண்டு பேரும் அதில் ஏறாத நாள் கிடையாது. ஆனால் அதன் கீழே தண்ணீர் போய் நான் பார்த்ததில்லை. ஆற்றங்கரையில் வீட்டுமனை போட்டபோது அதையும் வெட்டிவிட்டார்கள். வெட்டிய இடத்தில், ஆற்றைப் பார்த்தபடி வாழலாம் என்று ஒரு பெரிய போர்டு வைத்தார்கள். இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. போனில் அவள் வதினா புராணம் பாடி முடிப்பதற்குள் என் பக்கத்துச் செய்திகள் எல்லாமே விட்டுப்போகும், அதில் இதுவும் ஒன்று. முகம் வெளுத்து நின்றவளிடம் அன்றைக்குப் போய் இதைச் சொல்ல எனக்கு மனது வரவில்லை.

எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இத்தனை வருஷம் அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நின்றதே இந்த ஆற்றைச் சொல்லித்தான் என்றாள் அக்கா. மணலைப் பார்த்துவிட்டு வதினா ஊருக்குப் போனால், இனி சாகும்வரை அந்த வீட்டில் அவள் வாயைத் திறக்க முடியாது. ஆகையால் வதினா ஆற்றைப் பார்க்காமல் ஊர் சுற்றிக் காட்டுவது என்று நாங்கள் முடிவு செய்தோம்.

எங்கள் தெரு ஆட்டோ பாய் வந்தார். நல்ல மனுஷன், ஆனால் வாய் சும்மா இருக்காது. அன்று சாயந்தரம் முழுக்கச் சுற்றினோம். கடைத்தெருவில் பூ வாங்கினோம், பொதட்டூர்பேட்டை லுங்கி விற்கிற கடையில் பாவாவுக்கு இரண்டு லுங்கி எடுத்தோம். மலைப் பாதையில் ஏறி மேலே நின்றோம். வெயில் இறங்குகிற நேரம், கீழே ஊர், ரயில் பாதை, வயல், அதற்கு அப்பால் ஆந்திரா மலைகள் நீல நிறத்தில். வானத்தில் ஒரு மேகம் இல்லை. யார் பார்த்தாலும் அழகு என்று சொல்லியிருப்பார்கள். வதினா கண்ணுக்கு மேல் கையை வைத்துத் தேடினார்.

"ஆறு எங்கே?" வதினா பேசியதும் வதினாவிடம் நாங்கள் பேசியதும் எல்லாம் தெலுங்கு, நான்தான் தமிழில் எழுதுகிறேன்.

அக்கா தூரத்தில் மின்னிய ஒரு தண்ணீரைக் காட்டினாள். "அதோ, வதினா."

வதினா ஒரு தடவை பார்த்தார். "அது ஏரி. நிக்கிற தண்ணியோட பளபளப்பு வேற, ஓடுற தண்ணியோட பளபளப்பு வேற. இந்த ஊர்ப் பொண்ணு, உனக்கே தெரியலியா?"

அக்கா சமாளித்தாள். ஆறு மரங்களுக்குப் பின்னால் மறைந்திருக்கிறதாம். இதற்குள் பாய் பக்கத்தில் வந்து, "ஆறா? எந்த ஆறும்மா?" என்று கேட்க, நான் அவர் காலை மிதித்தேன். மனுஷன் "ஆங்... ஆமாம்மா, ஆறு" என்று சொல்லிவிட்டுப் போய் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மொட்டை. வதினாவின் முடி இடுப்புக்குக் கீழே இறங்கும், முக்கால்வாசி வெள்ளை. நாவிதர் தலையை நனைத்துக் கத்தியை வைத்தார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் கீழே கிடந்தது. நிமிர்ந்து பார்த்த முகத்தைக் கண்டு நான் திடுக்கிட்டேன். முப்பது வருஷமாக அக்கா எனக்குச் சொல்லி வைத்திருந்த கடுகடு முகத்தைக் காணோம். காது இரண்டும் துருத்திக்கொண்டு, எங்கே போகவேண்டும் என்று தெரியாத குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மொட்டை போடுகிற மண்டபத்தில் குழாய்கள் வரிசையாக இருந்தன. நான் துண்டை நீட்டினேன். வதினா வாங்கவில்லை.

"குழாயிலயா? முடியைக் கொடுத்துட்டு ஆத்துலதான் தலை முழுகணும். இவதானே சொன்னா, இங்க எல்லாரும் அப்படித்தான்னு."

"சரவணப் பொய்கை இருக்குது, வதினா. அங்கதான் இப்போ..."

"அது குளம். ஆத்துக்கு விடு."

குளிக்காமல் சாமி பார்க்க முடியாது. ஆற்றில் அல்லாமல் குளிக்க மாட்டார். தப்பிக்க வழியே இல்லை. ஆட்டோவில் ஏறியதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மெய்யாலுமே ஆத்துக்காம்மா?" என்றார் பாய், பாதி திரும்பி.

"ஆங், போங்க." பிறகு அக்காவிடம் தமிழில் சொன்னேன். "இந்த வருஷம் மழை இல்ல, வத்திப்போச்சுன்னு சொல்லிடு."

"படி எங்கன்னு கேப்பாங்களே."

"மண்ணு மூடிடுச்சுன்னு சொல்லு. இவ்ளோ சொன்னவளுக்கு இது வராதா?"

அக்கா அழ ஆரம்பித்தாள். சத்தம் வராமல், வதினா அந்தப் பக்கம் வேடிக்கை பார்க்கும்போது மட்டும். எனக்கு அவளை அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

தரைப்பாலத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஆட்டோ நின்றுவிட்டது. கூட்டம். பைக்குகள் தாறுமாறாக நின்றன. ஏதோ விபத்து என்று நினைத்தேன். பிறகுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது, ஒரே சீராக இரைகிற சத்தம். இறங்கி ஜனங்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனவள் வாயில் கையை வைத்துக்கொண்டேன்.

ஆறு ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் செம்மண் நிறத்தில் தண்ணீர். தரைப்பாலத்தைக் காணோம். கிரிக்கெட் ஆடுகிற இடத்தைக் காணோம். கருவேல மரங்களின் தலை மட்டும் வெளியே ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பிளாஸ்டிக் டிரம் உருண்டு உருண்டு போயிற்று. முந்தின நாள் காலையில் பால் வாங்கப் போனபோது இதே இடத்தில் ஆடு மேய்ந்ததைப் பார்த்தவள் நான்.

"நைட்டு ஆந்திரா பக்கம் செம மழையாம்மா," என்றார் பாய். "எப்டி போய்கினு கீது பாருங்க!"

எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. மழை வருமா என்று எங்கள் தலைக்கு மேலே இருக்கிற வானத்தைத்தான் பார்ப்போம். ஆற்றுக்கு வேண்டிய வானம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே கொட்டினால் இங்கே வெயிலிலேயே வெள்ளம் வரும். இது தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் ஆற்று மணலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்து தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பார்.

அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தை என்னால் மறக்கவே முடியாது. பூமி பிளந்து தங்கம் வந்தாலும் ஒருத்தி அப்படி மலைத்துப்போயிருக்க மாட்டாள். பிறகு மெதுவாக நிமிர்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சத்தமாக, பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி, "பாத்தீங்களா, வதினா? எங்க ஊர் ஆறு" என்றாள்.

வதினா பார்த்தார். நிதானமாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். "பரவாயில்லை," என்றார். பிறகு புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "படித்துறை எங்கே?"

"முழுகிடுச்சு, வதினா. தண்ணிக்குள்ள இருக்குது," என்று அக்கா கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள். இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் அழுதவள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

போலீஸ்காரர் ஒருவர் யாரும் இறங்காதபடி கரையில் கயிறு கட்டிவிட்டு நின்றார். செல்போனில் படம் எடுக்கிறவர்களை விரட்டவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. நாங்கள் தண்ணீரை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நான் திரும்பியபோது வதினா பக்கத்தில் இல்லை. கயிறு முடிகிற இடத்தைச் சுற்றிக்கொண்டு, கரைச் சரிவில் இறங்கி, தண்ணீர் ஓரத்தில் நின்றார். ஒரு கால் தண்ணீருக்குள். அந்தக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் கோதாவரியில் இறங்கியவருக்கு இது ஒரு வாய்க்கால். அக்காவே சொல்லிவிட்டாள், படி தண்ணீருக்குள் இருக்கிறது என்று. அவர் முதல் படியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். மணல் அள்ளி அள்ளி உண்டான குழி. ஆள் உயரத்துக்கு மேல்.

அக்கா கத்தினாள்.

"படி இல்ல, வதினா! படியே இல்ல! காலை வெக்காதீங்க!"

வதினா திரும்பினார். "நீதானே..."

"பொய்! எல்லாம் பொய்! இங்க படியும் இல்ல, பரிசலும் இல்ல. இது ஆறே இல்ல, வதினா, வெறும் மணலு! இன்னிக்குத்தான் தண்ணி வந்திருக்குது. உங்க காலடியில குழி! நான் பொய் சொன்னேன், முப்பது வருஷமா பொய் சொன்னேன்!"

சொல்லிக்கொண்டே சரிவில் விழுந்தடித்துக்கொண்டு இறங்கி, வதினாவின் இடுப்பைப் பிடித்துவிட்டாள். பின்னால் நான், எனக்குப் பின்னால் பாய். மூன்று பேரும் சேர்ந்து இழுத்து மேலே கொண்டுவந்தோம். வதினாவின் செருப்பில் ஒன்று அந்த இடத்திலேயே வழுக்கித் தண்ணீருக்குள் இறங்கியது. ஒரு சுழி சுழன்று உள்ளே போனது, திரும்ப மேலே வரவேயில்லை.

"எம்மா, கயிறு கட்டிக்கீறது கண்ணுக்குத் தெரில?" என்று போலீஸ்காரர் ஓடி வந்தார். ஈரமும் மொட்டையுமாக உட்கார்ந்திருந்த வதினாவைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது.

என் அக்கா முப்பது வருஷம் காப்பாற்றிய மானத்தை, அது நிஜமாகிப்போன அதே அரை மணி நேரத்தில், ஊர் பார்க்க அவளே தூக்கிப் போட்டுவிட்டாள். வதினாவுக்கு எதிரில் மண்ணில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். விழப்போகிற அடி பெரியது என்று நினைத்து நான் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏன் பொய் சொன்னே?" என்று வதினா கேட்டார்.

"கல்யாணமாகி வந்த அன்னிக்கே கேட்டீங்க, உங்க ஊர்ல ஆறு இருக்குதான்னு. மாடியில நின்னு கோதாவரியைக் காட்டிட்டுக் கேட்டீங்க. என்கிட்ட வேற என்ன இருந்தது, வதினா? இருக்குதுன்னேன். எவ்வளவு பெருசுன்னு கேட்டீங்க. அப்புறம் விடவேயில்ல. படி எப்படி, பரிசல் எப்படின்னு தினமும் கேட்டுக் கேட்டு என்னைக் கேலி பண்ணீங்க. நானும் சொல்லிக்கிட்டே போனேன்."

"கேலியா?" வதினாவின் கண் விரிந்தது. அந்த ஒரு நாளில் எல்லோரையும்விட அதிகமாக அதிர்ந்துபோன முகம் அதுதான். "கேலி பண்ணவா கேட்டேன்? புருஷன் வீட்டிலிருந்து வந்த நாளா அந்த மாடியை விட்டு நான் எங்கேடி போனேன்? நீ வந்துதான் எனக்கு வேற ஒரு ஊரைச் சொன்னே. கேக்கப் பிடிச்சிருந்தது, கேட்டேன். ராத்திரி தூக்கம் வரலேன்னா அந்த நாற்பது படியையும் ஒண்ணு ஒண்ணா இறங்குவேன். கடைசிப் படியில உக்காருவேன். அதுக்கப்புறம் தூங்கிடுவேன்."

அக்கா முகத்திலிருந்து கையை எடுத்தாள். குத்தல், குத்தல் என்று நாங்கள் இருவரும் இத்தனை வருஷம் போனில் திட்டித் தீர்த்தது இதைத்தானா? எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

பாய்தான் வேலையைப் பார்த்தார். பக்கத்து டீக்கடையில் வாளி வாங்கி, போலீஸ்காரரிடம் மிச்சக் கயிறு கேட்டுக் கட்டி, ஆற்றில் வீசி மொண்டு கொண்டுவந்தார். "ஆத்துத் தண்ணிதாம்மா, ஊத்துங்க" என்றார். அக்கா வதினாவின் தலையில் ஊற்றினாள். செம்மண் தண்ணீர் அந்தப் பளபளத் தலையில் விழுந்து காது வழியாக இறங்கியது. வதினா கண்ணை மூடிக்கொண்டு, கோதாவரியில் சொல்கிற மந்திரத்தை இங்கேயும் சொன்னார். இரண்டாவது வாளியும் கேட்டார்.

குளித்து முடித்துப் புடவையைப் பிழிந்துகொண்டே கேட்டார். "அப்போ படி இல்ல."

"இல்ல, வதினா."

"பரிசலும் இல்ல."

"இல்ல."

"மாமரம்?"

"அது நெசம்!" அக்கா துள்ளி எழுந்தாள். "சத்தியமா நெசம். நாங்க ரெண்டு பேரும் அதுல ஏறி விளையாடியிருக்கோம். இவளைக் கேளுங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் தலையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, இன்னொருத்தி கன்னத்தில் கண்ணீர் காயவில்லை. எனக்குப் பின்னால் மாமரத்தை வெட்டிப் போட்ட அந்த வீட்டுமனைகளின் கற்கள் வரிசையாக நின்றன. இவ்வளவு பொய் எதற்குச் சொன்னாய் என்று முந்தின நாளிலிருந்து அக்காவை நான் குடைந்தது கொஞ்சமா?

கொஞ்ச தூரத்தில், புதிதாகக் கட்டிய ஒரு வீட்டின் சுவரை ஒட்டி ஒரு ஒட்டு மாஞ்செடி இருந்தது. மரம் என்று சொல்ல இன்னும் வயது வரவில்லை. என் கை போய் அதைக் காட்டியது.

"அதோ," என்றேன்.

அக்கா செடியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. வதினா ஒற்றைச் செருப்போடு நடந்து போய் அந்தச் செடியின் தண்டில் ஈரக் கையை வைத்தார். அண்ணாந்து இலைகளைப் பார்த்தார்.

"கிளை தண்ணியைத் தொடும்னு சொன்னாளே?"

"தொடும், வதினா," என்றேன். "தண்ணி இன்னும் கொஞ்சம் ஏறினா தொடும்."

வதினா தலையாட்டினார். அக்கா பின்னாலேயே போய், தன் முந்தானையால் அவர் தலையைத் துடைத்துவிட்டாள்.